ஈரத்தை மேலே வையுங்கள்

(அத்திப்பட்டு ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் ஏக இறைவனாம் அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! அவனுடைய திருத்தூதர் நாயகம் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

     

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் படிக்கப்படும் இவ்வவையில், கொடுக்கல் வாங்கலில் நேர்மை என்பதைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகத்தினர் நம்மைப் பணித்திருக்கிறார்கள். புதிய செய்தி எதுவும் நம்மிடம் இல்லை. நீங்கள் அனைவரும் சிறுவயது முதல் மக்தபில் கேட்டறிந்த ஒரு நிகழ்ச்சியையே மீண்டும் நினைவூட்ட விரும்புகிறோம்.

மதீனாவின் கடைவீதியில் நாயகம் (ஸல்) அவர்கள் நடந்து சென்று கொண்டிருந்தார்கள். ஒரு வணிகர் தானியத்தைக் குவியலாகக் குவித்து விற்பனைக்கு வைத்திருந்தார். நாயகம் அவர்கள் தம் திருக்கரத்தை அக்குவியலுக்குள் நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் தட்டுப்பட்டது. இது என்ன என்று வினவினார்கள். மழை பெய்து நனைந்துவிட்டது என்று அவர் விடையளித்தார். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதனை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நாயகம் அவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற பொருளில் எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது.

அன்புச் சகோதரர்களே! இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவதாக, அவ்வணிகர் பொய் எதுவும் பேசவில்லை. மழை பெய்தது உண்மை. கேட்டவுடன் உண்மையைத்தான் சொன்னார். இரண்டாவதாக, நனைந்த தானியத்தை விற்பதை நாயகம் அவர்கள் தடுக்கவில்லை; அதைக் குப்பையில் கொட்டச் சொல்லவும் இல்லை. ஈரத்தை மேலே வை என்பதே அவர்கள் காட்டிய வழி. வாங்குபவன் கண்ணால் கண்டு, அதற்குரிய விலையைக் கொடுத்து வாங்கிக் கொள்வான். மூன்றாவதாக, மேலே தெரிந்த உலர்ந்த தானியத்தோடு அவர்கள் திருப்தியடையவில்லை. கையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். இம்மூன்றையும் மனத்தில் இருத்திக்கொண்டு நம் ஊருக்கு வருவோம்.

லாரி ஓட்டுநர் கேட்ட கேள்வி

நம் ஊரின் இரவுகளை நீங்கள் அறிவீர்கள். கரி லாரிகளும் கண்டெய்னர் லாரிகளும் வரிசை கட்டி நிற்கும் சாலை நம்முடையது. நம் முஸல்லிகளில் பலருக்கு ரிஸ்க்கே அச்சாலையில்தான் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு இஷாத் தொழுகைக்குப் பிறகு ஓர் ஓட்டுநர் நம்மைத் தனியே அழைத்தார். கிடங்கிலிருந்து ஏற்றிய கரியில் ஒரு பகுதி வழியிலேயே இறக்கி விற்கப்படுவதாகவும், குறைந்த எடையை ஈடுகட்ட மீதிக் கரியின் மீது தண்ணீர் ஊற்றி எடைமேடையில் ஏற்றுமாறு லாரி உரிமையாளர் தமக்குக் கட்டளையிட்டிருப்பதாகவும் சொன்னார். தூசு பறக்காமல் இருக்கத் தெளிக்கும் தண்ணீர் வேறு, எடைக்காக ஊற்றும் தண்ணீர் வேறு என்பதை அவரே நமக்கு விளக்கினார். பிறகு கேட்டார்: "ஹஜ்ரத், நான் ஊத்துற தண்ணி என் கணக்குல எழுதப்படுமா, முதலாளி கணக்குல எழுதப்படுமா?"

நாம் சொன்ன பதிலை இன்று உங்கள் முன்னிலையில் ஒப்புக்கொள்ள வேண்டியவர்களாக இருக்கிறோம். நீர் கூலிக்கு வேலை செய்பவர், கட்டளையிட்டவரே பொறுப்பாளி, நீர் மனத்தளவில் வெறுத்துக்கொள்ளும் என்று கூறி அனுப்பிவிட்டோம். அவருக்கு மூன்று பிள்ளைகள் என்பதை எண்ணி இரக்கப்பட்டோம் என்றுதான் அன்று நம்மை நாமே தேற்றிக்கொண்டோம். ஆனால் அந்த உரிமையாளர் பல பள்ளிகளுக்கும் மதரஸாக்களுக்கும் வாரி வழங்குபவர் என்பதும் நம் மனத்தின் ஓரத்தில் இருந்தது. அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக!

இரண்டு வாரங்கள் கழித்து ஜும்ஆவுக்காக மேற்சொன்ன ஹதீஸைப் புரட்டியபோது, ஈரம் என்ற சொல்லைக் கண்டதும் நம் கை நின்றுவிட்டது. நனைந்த தானியத்தின் இடத்தில் நனைந்த கரியைக் கண்டோம். பாவமான காரியத்தில் படைப்பினத்திற்குக் கீழ்ப்படிதல் இல்லை என்பது நாம் ஓதிய பாடம், அதையே மறந்திருந்தோம். அவரை அழைத்து, நாம் கூறியது தவறு, தண்ணீர் ஊற்றும் கைக்கும் கேள்வி கணக்கு உண்டு என்றோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு ஹஜ்ரத். நீங்க சொன்னதாலதான் நிம்மதியா இருந்தேன்" என்றார்.

ஆலிம் ஒருவருக்கு இதைவிடக் கனமான சொல் வேறு உண்டா? மறுநாளே அவர் தண்ணீர் ஊற்ற மறுத்துவிட்டார். வேலையை விட்டு நீக்கவில்லை. ஆனால் கரி நடை போய், படி குறைந்த வேறு நடை கிடைத்தது. அவ்வாண்டு அவர் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திற்குக் கடன் வாங்கினார். அச்செய்தி நமக்குத் தெரிய வந்தபோது கடனும் வட்டியும் பாதி அடைபட்டிருந்தன. இதைப் பற்றி இவ்வுரையின் இறுதியில் உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்க இருக்கிறோம்.

கப்பலில் வந்த கரி

லாரிக் கரியில் ஊற்றிய தண்ணீர் சில குடங்கள். கப்பல் கரியைப் பற்றியும் ஒரு குற்றச்சாட்டு நம் துறைமுகத்தின் பெயரோடு உலகெங்கும் பேசப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையம் நம் வாசலில் இருக்கிறது. அதற்குக் கரி இறக்கவே முதன்மையாக எண்ணூர்த் துறைமுகம், இன்றைய காமராஜர் துறைமுகம், 2001-இல் செயல்படத் தொடங்கியது.

2024 மே மாதம் லண்டனிலிருந்து வெளிவரும் ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளேடும், ஓ.சி.சி.ஆர்.பி. என்னும் புலனாய்வுப் பத்திரிகையாளர் அமைப்பும் சில ஆவணங்களை வெளியிட்டன. 2014 ஜனவரியில் இந்தோனேசியாவிலிருந்து சுமார் 70,000 டன் கரியோடு புறப்பட்ட ஒரு கப்பல் எண்ணூருக்கு வந்து சேர்ந்தது. புறப்படும்போது ஆவணத்தில் கிலோவுக்கு 3,500 கலோரி வெப்பத்திறன், டன் 28 டாலர். நம் மாநில மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகத்திடம் அதானி குழுமம் அளித்த விலைப்பட்டியலில் 6,000 கலோரி, டன் 91.91 டாலர். இதுவே அச்செய்தியின் சாரம். 2012 முதல் 2016 வரையிலான கரி இறக்குமதியில் அரசுக்குச் சுமார் 6,066 கோடி ரூபாய் இழப்பு என்று மதிப்பிட்டு, அறப்போர் இயக்கம் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் அதற்கு முன்பே புகார் அளித்திருந்தது.

அதானி குழுமம் இதனை முற்றாக மறுத்தது. கரியின் தரம் ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் பல தரப்பாராலும் சோதிக்கப்பட்டது என்பது அதன் பதில். எனவே ஒருவரையும் குற்றவாளி என்று இம்மேடையிலிருந்து நாம் தீர்ப்பளிக்க மாட்டோம். அது நீதிமன்றத்தின் வேலை.

ஆனால் ஒன்றைச் சொல்லலாம். தரம் குறைந்த கரியை விற்பது ஹராம் அல்ல. 3,500 கலோரிக் கரிக்கும் உரிய விலை உண்டு, வாங்குவோரும் உண்டு. குறைந்ததைக் குறைந்தது என்று சொல்லி விற்றால் அது வணிகம். அதை 6,000 என்று எழுதி விற்பது எவராக இருப்பினும், எந்த நாட்டில் நடப்பினும், அது ஈரத்தை உள்ளே வைத்த குவியலே. அதன் சுமை யார் தலையில் விழுகிறது? வெப்பத்திறன் குறைந்த கரியில் அதே அளவு மின்சாரம் எடுக்க ஒன்றரை மடங்குக்கும் மேல் கரி எரிக்க வேண்டும். விலை மின்கட்டண அட்டையில் வந்து விழும். புகை நம் மாடியில் காயும் துணியில் வந்து விழும்.

மழையின் மீது போட்ட பழி

அடுத்து, 2017 ஜனவரி 28-ஆம் நாள் அதிகாலையை நினைவுகூருங்கள். துறைமுகத்திற்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. சமையல் எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியேறிய கப்பல் ஒன்று. எண்ணெயோடு உள்ளே வந்த கப்பல் மற்றொன்று. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு ஏதுமில்லை என்பதே துறைமுகத்தின் தரப்பிலிருந்து வந்த முதல் அறிவிப்பு. ஆனால் எர்ணாவூர்க் கரையில் கறுப்புக் குழம்பு ஒதுங்கியது. மீனவர்களும் மாணவர்களும் தொண்டர்களும் வாளிகளால் அதை அள்ளினார்கள். நாள்கள் சென்றன, அள்ள அள்ளக் குறையவில்லை. டன் கணக்கில் அள்ளப்பட்டது. முதல் நாளே ஈரத்தை மேலே வைத்திருந்தால், மிதவைத் தடுப்புகளும் இயந்திரங்களும் முன்னரே வந்திருக்கும். எண்ணெய் இத்தனை தூரம் பரவியிராது.

ஆறாண்டுகள் கழித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வெள்ளம் வடிந்தபோது பக்கிங்காம் கால்வாயிலும் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் எண்ணெய் மிதந்தது. வீட்டுச் சுவர்களிலும் படகுகளிலும் வலைகளிலும் அது ஒட்டிக்கொண்டது. கூழைக்கடாக்கள் சிறகில் எண்ணெயோடு நின்றன. மணலியிலுள்ள சென்னைப் பெட்ரோலியம் நிறுவனம், தன் குழாய்களில் கசிவு இல்லை என்றே முதலில் கூறியது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆய்வு செய்து, அந்நிறுவன வளாகத்தில் மழைநீரை முறையாகக் கையாளும் ஏற்பாடு போதாமல் இருந்ததைச் சுட்டிக்காட்டியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

குழாயில் கசிவில்லை என்பது ஒருவேளை சொல்லளவில் சரியாகவே இருக்கலாம். மழை பெய்ததும் உண்மைதான். மதீனாவின் வணிகரும் மழை பெய்தது என்றுதான் சொன்னார். மழை பெய்ததற்காக அவரை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டிக்கவில்லை. நனைந்ததை மறைத்ததற்காகவே கண்டித்தார்கள்.

நம் குவியலிலும் கையை விடுவோம்

சகோதரர்களே! துறைமுகத்தையும் ஆலையையும் பேசும்போது எல்லோர் முகத்திலும் உடன்பாடு தெரிகிறது. இனி நம் பக்கம் திரும்புவோம்.

2019-இல் பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் சரிந்து விழுந்தது. வட்டியில்லா ஹலால் முதலீடு என்று சொல்லிச் சுமார் 4,000 கோடி ரூபாய் திரட்டியதாக வழக்கு. அதில் பணம் போட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் சமுதாயத்தவர். மகளின் திருமணத்திற்குச் சேர்த்த நகை, கணவனை இழந்த பெண்ணின் கைப்பொருள், ஹஜ்ஜுக்கென எடுத்து வைத்த தொகை, எல்லாம் அதில் போயின. நிறுவனரோ துபாய்க்குச் சென்று, பின்னர் டெல்லியில் கைதானார். மக்களை அதில் சேரத் தூண்டியதாக ஒரு மௌலவியும் கைது செய்யப்பட்டார். ஹலால் என்ற சொல்லையே உலர்ந்த தானியமாக மேலே பரப்பி வைக்க முடியும் என்பதற்கு இதனினும் பெரிய பாடம் தேவையில்லை. மிம்பரில் நிற்கும் நம்மைப் போன்றவர்கள் ஒரு வியாபாரத்தைப் புகழ்வதற்கு முன் அதன் குவியலுக்குள் கையை விட்டுப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

நிவாரணத்தையும் சொல்ல வேண்டும். எண்ணெய்க் கசிவுக்குப் பின் அரசு 8.68 கோடி ரூபாய் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளைச் சீர்செய்யத் தலா 10,000, மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. தொழிலிழந்தவர்களுக்கு இது போதாது என்பது வேறு. ஆனால் எந்தப் பேரிடரிலும், பட்டியல் போடும் நாளில் பாதிக்கப்படாதவரும் வரிசைக்கு வருகிறார். வீட்டு வாசலைக்கூட வெள்ளம் தொடாத ஒருவர், தமக்குச் சேதம் ஏற்பட்டதாக ஜமாஅத் கடிதத் தாளில் எழுதித் தருமாறு நம்மிடம் கேட்டதுண்டு. மறுத்தோம். எல்லோரும் வாங்குகிறார்கள், நம் ஆட்கள் வாங்கினால்தானா குற்றம் என்று கோபித்துக்கொண்டார். பொய்ச்சாட்சியைப் பற்றிக் கூறும்போது, சாய்ந்திருந்த நாயகம் (ஸல்) அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள் என்று அபூபக்ரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஜமாஅத்தின் முத்திரை ஒரு சாட்சி. அதைப் பொய்க்குக் கொடுத்தால், மெய்யாகவே வலையிழந்தவன் சார்பில் நாம் எழுதும் கடிதத்தை எந்த அதிகாரி நம்புவார்?

பேச்சிலும் இதே கலப்படம் நடக்கிறது. தேநீர்க் கடையில் ஊழலைப் பற்றி வாதிடுகிறோம். நமக்குப் பிடித்த கட்சியின் காலத்தில் நடந்தது என்றால் குவியலை மூடுகிறோம். பிடிக்காத கட்சி என்றால் ஒரு கைப்பிடி ஈரத்தை ஒரு கப்பல் ஈரமாக்குகிறோம். செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று ஹுஜ்ராத் அத்தியாயம் கட்டளையிடுகிறது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதியிலிருந்து நம்மைப் பிறழச் செய்யலாகாது என்று மாயிதா அத்தியாயம் தடுக்கிறது. நமக்கே எதிராக இருப்பினும் நீதிக்குச் சாட்சியாக நிற்கும்படி நிஸா அத்தியாயம் பணிக்கிறது. குற்றச்சாட்டைத் தீர்ப்பாகப் பேசுவதும் மோசடிதான்; நிரூபணமானதை வெறும் குற்றச்சாட்டு என்று மழுப்புவதும் மோசடிதான்.

ஜமாஅத்தின் முன் மூன்று கோரிக்கைகள்

இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் துணி வணிகர். குறையுள்ள ஒரு துணியைத் தம் கூட்டாளி ஹஃப்ஸிடம் ஒப்படைத்து, குறையைச் சொல்லி விற்குமாறு கூறியிருந்தார்கள். கூட்டாளி மறந்துபோய், சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாம் அவர்கள் அதன் மூலம் வந்த பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள். சட்டக் கலையின் பேரறிஞர்; மறதிக்குச் சட்டத்தில் இடம் தேடியிருக்கலாம். தேடவில்லை. அவர்களின் வழியில் நடப்பவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாம் எதைச் செய்யப் போகிறோம்?

முதலாவது: ஜமாஅத்தின் வரவு செலவு ஆண்டுக்கு ஒருமுறை படிக்கப்படுவது போதாது. மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். பற்றாக்குறை இருந்தால் அதுவும், பிழை நேர்ந்திருந்தால் அதுவும் முதல் வரியிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது: ஜமாஅத் கடிதத் தாளில் எழுதப்படும் ஒவ்வொரு சான்றும், இரு உறுப்பினர் நேரில் சென்று பார்த்த பிறகே தரப்பட வேண்டும். இமாமின் சொல்லுக்கும் இதில் விதிவிலக்கு வேண்டாம்.

மூன்றாவது, நமக்கு மிக முக்கியமானது: பைத்துல்மாலில் ஒரு பகுதியை, ஹராமான கட்டளையை மறுத்ததால் வருமானம் குறைந்தவர்களுக்கென ஒதுக்குங்கள். வட்டியில்லாக் கடனாகக் கொடுங்கள். பெயரை வெளியிடாமல் கொடுங்கள். தண்ணீர் ஊற்ற மாட்டேன் என்று சொல்லும் ஓட்டுநரை மேடையில் பாராட்டுவது எளிது. அவர் பிள்ளையின் கட்டணம் கட்டும் நாளில் அவர் பக்கத்தில் நிற்பதே ஜமாஅத். நாம் அவரைத் தனியே விட்டுவிட்டால், அடுத்தவர் தண்ணீர் ஊற்றும்போது அக்குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு.

இதற்காக ஏற்படுத்தப்படும் நிதிக்கு நம் ஒரு மாத ஊதியத்தை முதலில் எழுதிக்கொள்ளுமாறு பொருளாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். இது ஈகையன்று, அன்று நாம் சொன்ன தவறான பதிலுக்குச் செலுத்தும் கடன்.

யா அல்லாஹ்! எங்கள் வியாபாரத்தில் பரக்கத் செய்வாயாக! எங்கள் நாவுகளையும் தராசுகளையும் நேராக்குவாயாக! எங்கள் கடலையும் ஆற்றையும் அவற்றை நம்பி வாழும் எல்லா மக்களையும் காப்பாயாக! மறைத்தவற்றை நீ வெளிப்படுத்தும் நாளில் எங்களைத் தலைகுனிய வைக்காதிருப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.